மாற்கு 9:29: அம்மா புத்தகத்தில் உபவாசம் இருக்கிறது, தெலுங்கில் இல்லை. இதை எப்படிப் படிப்பது?

குடியாத்தம் விசுவாசி எழுதியது:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். குடியாத்தத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் உபவாச ஜெபம் நடக்கிறது. அம்மா ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு உட்கார்ந்தால் இரண்டு மணி ஆகிவிடும், அப்புறம்தான் கஞ்சி. தறிக்கார வீட்டுப் பெண்கள், பீடி சுற்றுகிறவர்கள், இரண்டொரு டீச்சர்கள் என்று ஒரு கூடம் நிறைய வருவார்கள். இந்த லெந்து நாட்களில் ஒரு சுவிசேஷத்தை முதலிலிருந்து கடைசிவரை படிப்போம் என்று முடிவு செய்தோம். 16 அதிகாரம்தானே என்று மாற்குவை எடுத்துக்கொண்டோம்.

ஒருவர் சத்தமாக வாசிப்பார், மற்றவர்கள் தங்கள் தங்கள் புத்தகத்தில் விரல் வைத்துக்கொண்டே வருவார்கள். எங்கள் கூடத்தில் எல்லாரிடமும் ஒரே புத்தகம் கிடையாது. அம்மாவிடம் இருப்பது பழைய திருப்புதல், நம் சபைகளில் நெடுநாளாக வாசிக்கிற தமிழ் வேதாகமம். ஆற்காடு மிஷன் பள்ளியில் படித்த என் பாட்டியிடமிருந்து வந்தது. எதிர் வீட்டு அக்கா ஆர்.சி., திருவிவிலியம் என்ற தமிழ் வேதாகமத்தைக் கொண்டு வருவார். என் தம்பி மனைவிக்குப் பலமநேர்ப் பக்கம். தமிழ் நன்றாகப் பேசுவாள், ஆனால் வேதம் மட்டும் தெலுங்கில்தான் வாசிப்பாள். மகள் காட்பாடியில் படிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் கையில் போன், அதில் ஆங்கிலம்.

போன வாரம் 9-ஆம் அதிகாரம். ஊமையான ஆவி பிடித்த பையனைத் தகப்பன் கொண்டுவருகிற இடம். அம்மாதான் வாசித்தார்: "இவ்வகைப் பிசாசு ஜெபத்தினாலும் உபவாசத்தினாலுமேயன்றி மற்றெவ்விதத்தினாலும் புறப்பட்டுப்போகாது." எங்கள் கூட்டமே இந்த வசனத்தின்மேல்தான் நிற்கிறது என்று அம்மா அடிக்கடி சொல்வார். வாசித்து முடித்ததும் தம்பி மனைவி மெதுவாக, "வதினா, எங்கள் புத்தகத்தில் ஜெபம் மட்டும்தான் இருக்கிறது, உபவாசம் இல்லையே" என்றாள். மகள் போனைப் பார்த்தாள். அதிலும் இல்லை. போதாததற்கு, இதே சம்பவம் வருகிற மத்தேயு 17-ஆம் அதிகாரத்தைத் திருப்பினால் ஆங்கிலத்தில் 20-ஆம் வசனத்துக்கு அடுத்தது 22. 21 என்று ஒன்றே இல்லை.

கூடத்தில் ஒரே சத்தம். ஒருவர் "கடைசிக் காலம், வேதத்தையே வெட்டுகிறார்கள்" என்றார். இன்னொருவர் "தெலுங்குக்காரர்களுக்கு உபவாசம் வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார். தம்பி மனைவி அதன்பிறகு வாயே திறக்கவில்லை. அம்மா அன்று கஞ்சி குடிக்கவில்லை.

எனக்கு வேண்டியது இதுதான். யாராவது நிஜமாகவே வெட்டினார்களா? இல்லையென்றால் ஏன் இப்படி? இத்தனை மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டு ஒரு சுவிசேஷத்தைச் சண்டையில்லாமல், பயமில்லாமல் படிக்க வழி உண்டா? அல்லது எல்லாரும் ஒரே புத்தகம் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிடலாமா?


ஆம்பூர் சகோதரன்:

சகோதரி, ஒரே புத்தகம் என்று வைத்துவிடுங்கள். பழைய திருப்புதல் போதும். நம் முன்னோர் அதை வாசித்துத்தான் விசுவாசத்தில் நின்றார்கள். புதிய ஆங்கில மொழிபெயர்ப்புகளில் மாற்கு 9:44, 9:46, 15:28, அப்போஸ்தலர் 8:37 என்று எத்தனையோ வசனங்கள் இல்லை. நானே ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்திருக்கிறேன். எண் இருக்க வேண்டிய இடத்தில் எண் இல்லை என்றால் எடுத்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? உங்கள் அம்மாவின் வேதனை எனக்குப் புரிகிறது.


சத்துவாச்சாரி வாத்தியார்:

அம்மா, உங்கள் கேள்வியை இரண்டு முறை வாசித்தேன். பள்ளியில் தமிழ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன் நான். மாற்குவை மட்டும் பல மொழிபெயர்ப்புகளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பல வருடங்களாகப் படித்து வருகிறேன். அந்த உரிமையில் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

முதலில் உங்கள் தம்பி மனைவியிடம் போய்ச் சொல்லுங்கள், அவர் கையில் இருப்பதும் வேதம்தான் என்று. அது யாரோ நேற்று வெட்டித் தைத்த புத்தகம் அல்ல. ஆந்திராவில் சபை சபையாகப் பெரியவர்கள் மடியில் வைத்து வாசித்த புத்தகம். அதில் உபவாசம் இல்லாததற்கு ஒரு பழைய காரணம் இருக்கிறது.

மாற்கு எழுதியது கிரேக்கத்தில். அவர் கையால் எழுதிய ஏடு இன்று எங்கும் இல்லை. நம்மிடம் இருப்பவை பார்த்து எழுதியதைப் பார்த்து எழுதிய படிகள். அச்சு வருகிறவரை கிட்டத்தட்ட 1400 வருடம் இப்படித்தான் போயிற்று. ஐரோப்பாவில் எராஸ்மஸ் என்ற அறிஞர் 1516-இல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு வெளியிட்டபோது அவருக்குக் கிடைத்தவை சில படிகள்தான். பெரும்பாலும் 12-ஆம் நூற்றாண்டை ஒட்டியவை. அந்த அச்சுப்பாடம், அதாவது அவர் அச்சிட்ட கிரேக்க வாசகம், சின்னச் சின்னத் திருத்தங்களோடு முந்நூறு வருடத்துக்கு மேல் ஆட்சி செய்தது. 1611-இன் ஆங்கில வேதாகமம் அதன்மேல் நிற்கிறது. சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட புதிய ஏற்பாடு, பப்ரிசியஸ் செய்த மொழிபெயர்ப்பு, கடைசியாக 1871-இல் முழு வேதாகமமாக வெளிவந்த நம் பழைய திருப்புதல், எல்லாமே அந்த வழியில் வந்தவை.

இதற்கு நடுவே வேறொன்று நடந்தது. சீனாய் மலையடிவாரத்தில் புனித கத்தரீனாள் மடம் இருக்கிறது. அங்கே 4-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஒரு கிரேக்க வேதாகமத்தைத் திஷென்டார்ஃப் என்ற ஜெர்மன் அறிஞர் கண்டார். 1844-இல் சில தாள்கள், 1859-இல் மீதியில் பெரும்பகுதி. அதே நூற்றாண்டைச் சேர்ந்த இன்னொரு வேதாகமம் வத்திக்கான் நூலகத்தில் நெடுங்காலமாக இருந்தது. இந்த இரண்டும் எராஸ்மஸ் வைத்திருந்த படிகளைவிட ஏறத்தாழ 800 வருடம் பழையவை. இவற்றை முதன்மையாக வைத்து வெஸ்ட்காட், ஹோர்ட் என்ற இருவர் தயாரித்த கிரேக்கப் பாடம் 1881-இல் வந்தது. அதே வருடம் வந்த திருத்திய ஆங்கிலப் புதிய ஏற்பாட்டில் மாற்கு 9:29-இல் ஜெபம் மட்டும்தான் இருக்கிறது. நம் தமிழ் 1871, இது 1881. பத்து வருட இடைவெளி. உங்கள் கூடத்தில் நடந்த சண்டை முழுக்க அந்தப் பத்து வருடத்தில் இருக்கிறது. தெலுங்குப் புத்தகம் 1881-இன் பக்கம் நிற்கிறது, அம்மாவின் புத்தகம் 1871-இன் பக்கம் நிற்கிறது. இரண்டு பேரும் தங்கள் முன்னால் இருந்த கிரேக்கத்தை உண்மையாக மொழிபெயர்த்தார்கள்.

சரி, 9:29-க்கு வருகிறேன். வத்திக்கான் படியில் உபவாசம் இல்லை. சீனாய் படியில் முதலில் எழுதியவர் கையில் இல்லை, ஆனால் பின்னால் வந்த ஒருவர் அந்தப் படியிலேயே அதைச் சேர்த்திருக்கிறார். எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. ஒரே தோல் தாளில் இரண்டு காலத்துச் சபைகள் பேசிக்கொள்கின்றன. மற்றப் பெரும்பான்மைக் கிரேக்கப் படிகளில் உபவாசம் இருக்கிறது. ஜெரோம் செய்த பழைய லத்தீன் மொழிபெயர்ப்பிலும் இருக்கிறது. 3-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரஸ் ஒன்று டப்ளினில் உள்ளது, சிதைந்துபோனது. அதிலும் உபவாசம் இருந்திருக்க வேண்டும் என்றுதான் மிஞ்சிய எழுத்துகளை வைத்துப் படித்தவர்கள் சொல்கிறார்கள். ஆகவே "பழையதில் இல்லவே இல்லை" என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள். உண்மையிலேயே பழைய காலத்திலேயே இரண்டு விதமாகவும் வாசித்திருக்கிறார்கள்.

அப்படியானால் ஏன் பெரும்பாலான அறிஞர்கள் உபவாசம் பின்னால் சேர்ந்தது என்கிறார்கள்? இதே சேர்க்கை வேறு இடங்களிலும் நடந்திருப்பதால். அம்மாவின் புத்தகத்தில் 1 கொரிந்தியர் 7:5 பாருங்கள், "உபவாசத்திற்கும் ஜெபத்திற்கும்" என்றிருக்கும். அப்போஸ்தலர் 10:30-இல் கொர்நேலியு உபவாசித்து ஜெபித்ததாக இருக்கும். இரண்டு இடத்திலும் பழைய படிகளில் ஜெபம் மட்டும்தான். சபையில் உபவாசமும் ஜெபமும் பிரியாமல் சேர்ந்தே நடந்த காலத்தில், எழுதுகிறவர் கையும் ஒன்றை எழுதினால் அடுத்ததைத் தானாக எழுதியிருக்கிறது. யாரும் ஏமாற்றவில்லை. மத்தேயு 17:21 முழு வசனமும் மாற்குவிலிருந்து அங்கே போனதாகத்தான் தெரிகிறது. லூக்கா இதே சம்பவத்தை 9-ஆம் அதிகாரத்தில் சொல்கிறார். அங்கே சீஷர்களின் இந்தக் கேள்வியும் இல்லை, பதிலும் இல்லை.

ஆம்பூர் சகோதரருக்கு ஒரு வார்த்தை, கோபமில்லாமல். வசன எண்களைப் புதிய ஏற்பாட்டுக்குப் போட்டவர் ஸ்தேபானுஸ் என்ற அச்சுக்காரர், 1551-இல். அவர் முன்னால் இருந்தது அந்த அச்சுப்பாடம். அதில் இருந்த ஒவ்வொரு வரிக்கும் எண் கொடுத்தார். பின்னால் வந்தவர்கள் பழைய படிகளில் இல்லாத வரியை அடிக்குறிப்புக்கு இறக்கியபோது, உலகம் முழுக்கப் பழகிய எண்களை மாற்றக் கூடாது என்று அந்த எண்ணைக் காலியாக விட்டார்கள். மறைக்க நினைத்திருந்தால் எண்களை நெருக்கிப் போட்டு ஓட்டையே தெரியாமல் செய்திருக்கலாம். காலியாக விட்டதே நேர்மை.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: 9:29 எப்படி இருந்தாலும் உபவாசம் வேதத்தை விட்டுப் போய்விடவில்லை. மாற்கு 2:20-இல் மணவாளன் எடுபடும் நாட்களில் "உபவாசிப்பார்கள்" என்று இயேசுவே சொல்கிறார். எல்லாப் படியிலும் இருக்கிறது, தெலுங்கிலும் இருக்கிறது. மத்தேயு 6-இல் எப்படி உபவாசிப்பது என்று சொல்லிக்கொடுக்கிறார். அந்தியோகியா சபை உபவாசித்து ஜெபித்துத்தான் பவுலையும் பர்னபாவையும் அனுப்பியது. உங்கள் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு வசனத்தின்மேல் நிற்கவில்லை.


குடியாத்தம் விசுவாசி:

ஐயா, உங்கள் பதிலை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். கொர்நேலியு வசனத்தை உடனே எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் தம்பி மனைவியைக் கூப்பிட்டு, அந்த இடத்தைத் தெலுங்கில் வாசிக்கச் சொன்னார். அவள் வாசித்தாள். "கேட்க நன்றாகத்தான் இருக்கிறது" என்றார். எங்கள் அம்மா அவ்வளவு சொன்னதே பெரிது.

ஆனால் முறை சொல்லுங்கள் ஐயா. எந்தப் புத்தகம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று எங்களைப் போன்றவர்கள் எப்படிக் கண்டுபிடிப்பது? எங்களுக்குக் கிரேக்கம் தெரியாது. வாசிக்கிறபோதே நாலு புத்தகத்தையும் ஒப்பிட்டால் கதையே ஓடமாட்டேன் என்கிறது. இன்னொன்று, மாற்கு 16-இல் கடைசிப் பகுதிக்குத் திருவிவிலியத்தில் குறிப்பு போட்டிருக்கிறது என்று எதிர் வீட்டு அக்கா இப்போதே சொல்லிவிட்டார். அந்த வாரம் வருவதற்குள் நான் தயாராக வேண்டும்.


சேத்துப்பட்டு ஜோசப்:

நான் கத்தோலிக்கன். திருவிவிலியம் 1995-இல் வந்தது. கத்தோலிக்கர் மட்டும் செய்ததில்லை, பொது மொழிபெயர்ப்பு. மற்ற சபையாரும் சேர்ந்து உழைத்தது. அடிக்குறிப்புகளைத் தவறாமல் பாருங்கள், படிக்குப் படி வாசகம் மாறுகிற பாடவேறுபாடு அங்கேதான் இருக்கும்.

16:9-20 பற்றி எங்கள் நிலையைச் சொல்கிறேன், உங்கள் எதிர் வீட்டு அக்காவுக்கும் உதவும். அது மாற்குவின் கை இல்லாமல் இருக்கலாம் என்பதை எங்கள் அறிஞர்களே எழுதுகிறார்கள். ஆனாலும் அது திருநூல்தான். ஏப்ரல் 25 புனித மாற்கு திருநாளில் பூசையில் வாசிக்கிற நற்செய்தியே 16:15-20. எழுதியது யார் என்ற கேள்வி வேறு, திருச்சபை அதை வேதமாக ஏற்றதா என்ற கேள்வி வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்கிறபோதுதான் பயம் வருகிறது.


பாகாயம் சிஸ்டர்:

நான் மலையாளி. நர்சிங் படிக்க வேலூர் வந்து இங்கேயே தங்கிவிட்டேன், தமிழில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் குடும்பம் சுறியானி சபை. வாத்தியார் ஐயா கிரேக்கமும் லத்தீனும் சொன்னார், சுறியானியைப் பற்றி நான் சொல்லலாம் என்று தோன்றியது.

எங்கள் சபைகளின் பழைய வேதம் பெஷித்தா. இயேசு பேசிய அரமாயிக்கின் கிளைமொழிதான் சுறியானி. ஆனால் பெஷித்தாவின் சுவிசேஷங்களும் கிரேக்கத்திலிருந்து மொழிபெயர்த்தவைதான், இதை எங்கள் ஊரிலேயே பலர் மறந்துவிடுகிறார்கள். மாற்கு 9:29 பெஷித்தாவில் எப்படி இருக்கிறது தெரியுமா? உபவாசம் முதலில் வரும், ஜெபம் அடுத்து வரும். ஈஸ்டருக்கு முன்னால் ஐம்பது நோம்பு பிடிக்கிற வீட்டில் வளர்ந்தவளுக்கு அந்த வரிசை ஆச்சரியமாக இல்லை. எங்கள் அம்மச்சி நோம்பு காலத்தில் மீன் வாசனைகூட வீட்டுக்குள் விடமாட்டார்.

ஆனால் பெஷித்தாவுக்கும் முந்தைய சுறியானி மொழிபெயர்ப்பு ஒன்று இருக்கிறது. 1892-இல் ஆக்னஸ் ஸ்மித் லூயிஸ் என்ற பெண்மணி, அதே சீனாய் மடத்தில் கண்டெடுத்தார். இரட்டைப் பிறவியான சகோதரி மார்கரெட்டோடு பாலைவனத்தில் ஒட்டகத்தில் போனவர். தோல் ஏட்டில் மேலே எழுதியிருந்தது பெண் புனிதர்களின் வரலாறு. அதற்கு அடியில், சுரண்டி அழித்த எழுத்தில் மங்கலாகச் சுவிசேஷங்கள். அந்தப் பழைய சுறியானியில் மாற்கு 16:8-இல் முடிந்து, அடுத்து லூக்கா ஆரம்பிக்கிறது. பெஷித்தாவிலோ 20-ஆம் வசனம்வரை இருக்கிறது. ஒரே மொழி, ஒரே சபை மரபு, இரண்டு முடிவு. மொழிபெயர்ப்பு என்றால் மூலத்துக்குக் கீழே என்று நினைக்காதீர்கள் அக்கா. அந்த மொழிபெயர்ப்பாளர் முன்னால் இருந்த கிரேக்கப் படி மக்கிப் போய்விட்டது, அதில் என்ன இருந்தது என்று இன்று சொல்ல அவருடைய சுறியானி மட்டும்தான் மிச்சம்.


சத்துவாச்சாரி வாத்தியார்:

சிஸ்டர் சொன்ன கடைசி விஷயம் மிக முக்கியம். நான் விட்டுவிட்டதை அவர் சரியாகப் பிடித்தார்.

முறை கேட்டீர்கள் அம்மா. கூட்டத்தில் ஒப்பிட வேண்டாம். கூட்டத்தில் ஒரே குரல், ஒரே புத்தகம், ஒரு அதிகாரம் முழுக்க. மாற்கு காதால் கேட்க எழுதப்பட்டது. நிறுத்தி நிறுத்திப் பார்த்தால் அவர் ஓட்டம் செத்துவிடும். 5-ஆம் அதிகாரத்தில் யவீரு மகளுக்காக இயேசு நடக்கிறார், வழியில் பெரும்பாடுள்ள ஸ்திரீ வந்து கதையை மறிக்கிறாள், அங்கே நேரம் போகப் போகத் தகப்பன் துடிக்கிறான். பல பதிப்புகள் நடுவில் தலைப்பு போட்டு இதை மூன்று துண்டாக்கிவிடுகின்றன. தலைப்புகள் மாற்கு எழுதியவை அல்ல, வாசிக்கும்போது அவற்றைத் தாண்டிப் போங்கள். ஒரு வாரம் அம்மா வாசிக்கட்டும், அடுத்த வாரம் எதிர் வீட்டு அக்கா திருவிவிலியத்தில். தெலுங்கிலும் ஒரு பகுதி வாசிக்கச் சொல்லுங்கள், நம் பக்கத்தில் தெலுங்கு புரியாதவர் யார்?

ஒப்பிடுவது முந்தின நாள் வேலை, வீட்டில் தனியாகவோ இரண்டு பேராகவோ. நான் செய்வதைச் சொல்கிறேன். நீளமான கணக்கு நோட்டைக் குறுக்காகத் திருப்பிக்கொள்வேன். நாலு பத்தி கோடு போட்டு, ஒவ்வொரு பத்தியிலும் ஒரு மொழிபெயர்ப்பைக் கையாலேயே எழுதுவேன். ஜெராக்ஸ் எடுத்து ஒட்டினால் கண் ஓடிவிடுகிறது, கையால் எழுதினால் ஒரு சொல்கூடத் தப்பாது. ஒரு பத்தியில் இருந்து இன்னொன்றில் அடியோடு இல்லாததைச் சிவப்பில் கோடிடுவேன். இருப்பது ஒன்றுதான், சொல்கிற விதம்தான் வேறு என்றால் நீலம். 9:14-29 பக்கத்தை இப்போது திறந்து வைத்திருக்கிறேன். சிவப்பு 29-இல் மட்டும் இல்லை, 24-இலும் இருக்கிறது. தகப்பன் "என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கதறும் இடத்தில், பழைய திருப்புதலில் "கண்ணீரோடே" என்று இருக்கிறது. பழைய கிரேக்கப் படிகளில் கண்ணீர் இல்லை. இன்னும் ஓரிரு இடத்தில் சிவப்பு உண்டு, மற்றதெல்லாம் நீலம். பக்கம் முழுக்க நீலமும் நடுவே சில சிவப்பும் மட்டும் என்று கண்ணால் பார்த்தால் "வேதத்தையே மாற்றிவிட்டார்கள்" என்ற பயம் தானாக அடங்கும்.

ஒரு புத்தகம் எந்தக் கிரேக்கத்தின்மேல் நிற்கிறது என்று தெரிந்துகொள்ள கிரேக்கம் வேண்டாம். மாற்குவின் முதல் பக்கமே போதும். 1:2-3-ஐ எடுங்கள். "தீர்க்கதரிசன ஆகமங்களில்" என்று பொதுவாக இருந்தால் அது எராஸ்மஸ் வழி. "எசாயாவின் நூலில்" என்று பெயர் சொன்னால் பழைய படிகளின் வழி. அங்கே வருகிற முதல் மேற்கோள் உண்மையில் மல்கியா 3:1-ஐ ஒட்டியது, இரண்டாவதுதான் ஏசாயா. மாற்கு ஏசாயா பெயரை மட்டும் சொல்லியிருக்க, பின்னால் வந்த ஒருவர் அதைச் சரிசெய்ய நினைத்துப் பொதுவாக்கியிருக்கிறார் என்பதுதான் பொருத்தமான விளக்கம். சங்கடமான பாடம்தான் பெரும்பாலும் பழைய பாடம், ஏனென்றால் சரியாக இருப்பதைச் சங்கடமாக்க யாரும் மெனக்கெட மாட்டார்கள். 15:28 அந்தப் புத்தகத்தில் இருக்கிறதா இல்லையா என்றும் பார்த்துவிட்டால் உறுதி. இருந்தால் எராஸ்மஸ் வழி, இல்லையென்றால் பழைய படிகளின் வழி.

இனி முடிவு. 16:8 பழைய திருப்புதலில் இப்படி நிற்கிறது: "அவர்கள் பயந்திருந்தபடியினால் ஒருவருக்கும் ஒன்றும் சொல்லாமற் போனார்கள்." சீனாய், வத்திக்கான் இரண்டு படிகளும் இதோடு முடிகின்றன. வத்திக்கான் படியில் அதற்குப் பிறகு ஒரு பத்தி முழுக்க வெறுமையாக விட்டிருக்கிறார் எழுதியவர். சில படிகளில் இரண்டே வாக்கியத்தில் ஒரு சிறிய முடிவு இருக்கிறது. பெரும்பாலான படிகளில் நமக்குத் தெரிந்த 9 முதல் 20 வரை. அதுவும் சின்ன வயது இல்லை, 2-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இரேனேயு 19-ஆம் வசனத்தை மாற்கு என்றே எடுத்துக்காட்டுகிறார். அதேசமயம் 4-ஆம் நூற்றாண்டில் எவுசேபியு, துல்லியமான படிகள் 8-இல் முடிகின்றன என்று எழுதிவைத்திருக்கிறார். இருவரும் நம் சபைப் பிதாக்கள்தான்.

கூட்டத்தில் நான் என்றால் 1 முதல் 8 வரை வாசித்து நிறுத்துவேன். உடனே விளக்கம் சொல்ல மாட்டேன். பயந்து ஓடின அந்தப் பெண்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றால் நமக்கு எப்படித் தெரிந்தது என்று உங்கள் கூடத்துப் பெண்களே கேட்பார்கள். கேட்கட்டும், பேசட்டும். பிறகு 9 முதல் 20 வரை வாசியுங்கள். முன்னால் ஒரே வாக்கியம் சொன்னால் போதும்: "இது ஆதிச் சபை வேதமாகக் கையில் கொடுத்த பகுதி, எல்லாப் பழைய படிகளிலும் இல்லை." 18-ஆம் வசனத்தில் சர்ப்பங்களை எடுப்பதும் சாவுக்கேதுவானதைக் குடிப்பதும் வருகிறது. அதை வைத்து யாரும் விபரீதம் செய்யாமல் இருக்கவாவது இந்தக் குறிப்பு தெரிந்திருப்பது நல்லது.


ஆம்பூர் சகோதரன்:

வாத்தியார் ஐயா, எண்ணைக் காலியாக விட்டதற்கு நீங்கள் சொன்ன காரணத்தை நான் இதுவரை கேள்விப்பட்டதில்லை. பழைய திருப்புதல்தான் எனக்கு. அது மாறாது. ஆனால் வெட்டிவிட்டார்கள் என்று இனிமேல் சொல்லத் தயங்குவேன். அந்த நாலு பத்தி நோட்டின் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட முடியுமா?


சத்துவாச்சாரி வாத்தியார்:

போடுகிறேன் தம்பி. உங்களுக்குப் பழைய திருப்புதல்தான் என்பதில் எனக்கும் சந்தோஷமே. மனப்பாடமாக எனக்குள் ஓடுவதும் அதுதான். புதியது வந்ததும் அதைத் தூக்கி எறிந்தவர்கள் பலர் கடைசியில் எதையும் மனப்பாடம் செய்யாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.


குடியாத்தம் விசுவாசி:

எல்லாருக்கும் நன்றி. நோட்டு வாங்கிவிட்டேன். வியாழன் இரவு தறி நின்ற பிறகு நானும் தம்பி மனைவியும் உட்கார்ந்து எழுதுவதாக ஏற்பாடு. ஒரு பத்தி தெலுங்கு, அதை அவளே எழுதட்டும். மகள் ஆங்கிலப் பத்தியைப் போனிலிருந்து பார்த்து எழுதி அனுப்புகிறேன் என்றிருக்கிறாள். அம்மா தன் புத்தகத்தில் 9:29-க்குப் பக்கத்தில் பென்சிலால் 2:20 என்று எழுதிவைத்துக்கொண்டார்.

சிஸ்டர், 16-ஆம் அதிகாரம் வருகிற வெள்ளிக்கிழமை உங்களுக்கு ட்யூட்டி இல்லையென்றால் வர முடியுமா? அந்தச் சுறியானி ஏட்டைப் பற்றி எங்கள் பெண்களுக்கு நீங்களே சொன்னால் நன்றாக இருக்கும். வேலூர் பஸ் ஸ்டாண்டு வந்தால் குடியாத்தம் பஸ் கிடைக்கும், இறங்கினதும் போன் செய்யுங்கள்.


பாகாயம் சிஸ்டர்:

அன்று நைட் ட்யூட்டி முடிந்து நேராக வருகிறேன் அக்கா. பத்து மணிக்குக் கொஞ்சம் முன்பின் ஆகலாம். பெஷித்தாவில் 16:1-8 வாசித்துக் காட்டட்டுமா? அர்த்தம் நான் தமிழில் சொல்கிறேன்.